ஒற்றுமை ஐந்து, வேற்றுமை ஐந்து

கேள்வி: நான் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். ஒரு பாட்டைக் கொடுத்துப் பொருள் எழுதச் சொன்னால் என் மாணவர்கள் ஓரளவு எழுதிவிடுகிறார்கள். இரண்டைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னால் தாளின் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒற்றுமை ஐந்து, அந்தப் பக்கம் வேற்றுமை ஐந்து என்று எழுதி நீட்டுகிறார்கள். "இரண்டிலும் தாய் வருகிறாள்", "இது இரண்டு அடி, அது ஒன்பது அடி" என்கிற மாதிரி. தப்பு என்றும் சொல்ல முடியவில்லை, சரி என்று விடவும் மனம் வரவில்லை. சிலர் நேரடியாக "எது சிறந்தது டீச்சர்?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு பொருள் சொன்னால் எதற்கு மதிப்பெண் போடுவது என்பதும் குழப்பமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த நடுக்கோட்டை நானும் வருடக்கணக்கில் கரும்பலகையில் போட்டவன்தான். அதனால் பழியைப் பிள்ளைகள் மேல் போடாதீர்கள், நாம் கற்றுக்கொடுத்ததைத்தான் அவர்கள் செய்கிறார்கள். கோடு போட்டதும் இரண்டு பாட்டும் ஆளுக்கொரு பக்கம் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஐந்து எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிடலாம். அந்த ஐந்தில் எது முக்கியம், எது சும்மா என்று யாரும் கேட்பதில்லை. "இது இரண்டு அடி, அது ஒன்பது அடி" என்பது உண்மைதான். அதனால் என்ன ஆயிற்று என்று கேட்டால்தான் பதில் வராது.

நான் பிறகு மாற்றிக்கொண்ட வழி இதுதான். ஒற்றுமை வேற்றுமை எல்லாவற்றையும் தேடாமல், இரண்டு படைப்பும் ஒன்றையொன்று தொடும் ஒரே ஓர் இடத்தை முதலில் கண்டுபிடிக்கச் சொல்வேன். ஒரு சொல், ஒரு தொடர், ஒரு செயல், எதுவாகவும் இருக்கலாம். அந்த இடத்திலிருந்து இரண்டும் எங்கே பிரிந்து போகின்றன என்று பார்க்கச் சொல்வேன். ஏன் பிரிகின்றன என்பதுதான் கட்டுரை.

நீங்கள் தாய் என்று எழுதியிருப்பதால் தாயையே எடுத்துக்கொள்வோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த குறள், மக்கட்பேறு அதிகாரத்தில் 69ஆவது:

ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச்
சான்றோன் எனக்கேட்ட தாய்

இதன் பக்கத்தில் புறநானூற்றின் 278ஆவது பாட்டை எழுதுங்கள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது:

நரம்பு எழுந்து உலறிய நிரம்பா மென்தோள்
முளரி மருங்கின் முதியோள் சிறுவன்
படை அழிந்து மாறினன் என்று பலர் கூற
மண்டு அமர்க்கு உடைந்தனன் ஆயின் உண்ட என்
முலை அறுத்திடுவென் யான் எனச் சினைஇக்
கொண்ட வாளொடு படுபிணம் பெயராச்
செங்களம் துழவுவோள் சிதைந்து வேறாகிய
படுமகன் கிடக்கை காணூஉ
ஈன்ற ஞான்றினும் பெரிது உவந்தனளே

எழுதும்போது பெயர் வேண்டாம். யார் பாடியது, எந்த நூல், திணை (பாட்டின் பொருள்வகை), துறை (அதன் உட்பிரிவு) எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். கேம்பிரிட்ஜில் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் இப்படித்தான் ஆசிரியர் பெயரை எடுத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். அந்த அனுபவத்தை 1929இல் புத்தகமாகவும் வெளியிட்டார். நன்றாகப் படித்த மாணவர்களே பெயர் இல்லாதபோது எவ்வளவு தடுமாறினார்கள் என்பது அதில் தெரிகிறது. அந்தத் தடுமாற்றம் நமக்கு வேண்டும். "திருவள்ளுவர்" என்ற பெயரைக் கண்டதுமே நம் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொள்கிறார்கள்.

உரையையும் அன்றைக்கு மூடி வையுங்கள். அருஞ்சொற்பொருள் மட்டும் ஓரமாக எழுதிப் போட்டால் போதும்: ஞான்று என்றால் பொழுது, துழவுதல் என்றால் கையால் துழாவித் தேடுவது, காணூஉ என்றால் கண்டு, இப்படி. அப்புறம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று பேர், இரண்டு மூன்று தடவை. வாசிக்கும்போதே ஒரு பிள்ளை "டீச்சர், அதே வரி!" என்று சொல்லிவிடும். ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும், ஈன்ற ஞான்றினும் பெரிது உவந்தனளே. தொடும் இடம் கிடைத்துவிட்டது.

இனி நீங்கள் எதையும் விளக்காதீர்கள். கேள்வி மட்டும் கேளுங்கள். முதல் கேள்வி மிகச் சாதாரணமானது: அந்த ஒரே தொடர் பாட்டில் எங்கே வருகிறது? குறளில் முதலிலேயே வந்துவிடுகிறது. சந்தோஷத்தைச் சொல்லிவிட்டு அதற்கான காரணத்தை வள்ளுவர் பின்னால் வைக்கிறார். புறப்பாட்டில் கடைசி வரியில் வருகிறது. அதற்கு முன்னால் எட்டு வரி வதந்தி, கோபம், வாள், பிணக்குவியல். இப்போது "இரண்டு அடி, ஒன்பது அடி" என்பதற்கு ஓர் அர்த்தம் வந்துவிட்டது பாருங்கள். அந்த நீளத்துக்குள் ஒரு கிழவி நடந்துபோய்த் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கேள்வி: மகனைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரிந்தது? குறளின் தாய் கேட்கிறாள். புறத்தின் தாயும் முதலில் கேட்கத்தான் செய்கிறாள், "பலர் கூற". ஆனால் அவள் காதில் விழுவது மகன் புறமுதுகு காட்டினான் என்ற பேச்சு. அவள் ஒருவர் சொல்லையும் நம்பவில்லை. அது உண்மையானால் அவன் பால் குடித்த முலையையே அறுத்துவிடுவேன் என்று சபதம் செய்துவிட்டுத் தானே போய், பிணங்களைப் புரட்டிப் பார்த்து, துண்டாகிக் கிடக்கும் மகனைக் காண்கிறாள். "கேட்ட", "காணூஉ" என்ற இந்த இரண்டு சொல்லையும் அடிக்கோடு போடச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

இந்த இடத்தில் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரைக் கொஞ்சம் உள்ளே விடலாம். "கேட்ட தாய்" என்று ஏன் சொன்னார் வள்ளுவர்? பெண் தன் இயல்பால் தானாக அறிய மாட்டாள், பிறர் சொல்லித்தான் அறிவாள் என்ற கருத்தில் அவர் உரை எழுதுகிறார். அதை வாசித்துக் காட்டிவிட்டு, கையில் வாளோடு போர்க்களத்தில் நிற்கும் அந்த முதியவளைக் காட்டுங்கள். வகுப்பு அதற்கப்புறம் தானாக நடக்கும். எனக்குத் தெரிந்து, அதுவரை வாயே திறக்காத பெண்பிள்ளைகள் பேச ஆரம்பிப்பது இங்கேதான். ஒரு படைப்பைக் கொண்டு இன்னொன்றின் உரையையே கேள்வி கேட்க முடியும் என்பது அவர்களுக்குப் புதிது.

மூன்றாவது கேள்வி வினைச்சொல்லைப் பற்றியது. இலக்கண வகுப்பில் தூங்குகிறவர்கள்கூட இதற்கு விழித்துக்கொள்வார்கள். "உவக்கும்" என்பது எப்போதும் நடப்பது, எந்தத் தாய்க்கும் பொருந்துவது. "உவந்தனள்" நடந்து முடிந்தது. ஒரு முறை, ஒரே ஒருத்தி, நரம்பு தெரியும் மெலிந்த தோள் உடையவள். குறள் பொதுவாகச் சொல்கிறது. புறப்பாட்டு ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. இதை நீங்கள் சொல்லக் கூடாது. "உவக்கும் யார்? உவந்தனள் யார்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் சிரமம். எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

நேரம் இருந்தால் மூன்றாவதாக ஒன்று சேர்க்கலாம். 277ஆவது புறப்பாட்டு, பூங்கணுத்திரையார் பாடியது. ஆறே வரி. அதிலும் ஒரு "முதியோள் சிறுவன்", அதிலும் "ஈன்ற ஞான்றினும் பெரிதே". மீன் தின்னும் கொக்கின் இறகுபோல நரைத்த கூந்தல் உடையவள். மகன் யானையை வீழ்த்திவிட்டுத் தானும் விழுந்தான் என்று செய்தி வருகிறது. அதுவரை 278இன் தங்கை மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் பாட்டு உவகையோடு நிற்கவில்லை:

கண்ணீர்
நோன்கழை துயல்வரும் வெதிரத்து
வான்பெயத் தூங்கிய சிதரினும் பலவே

மூங்கில் புதரில் மழை பெய்து தொங்குகிற துளிகளைவிட அவள் கண்ணீர்த் துளிகள் அதிகம். "பெரிதே" என்று ஒன்று, "பலவே" என்று இன்னொன்று. உவகையை அளந்த அதே கையால் கண்ணீரையும் அளந்து பக்கத்தில் வைக்கிறார் கவிஞர். எது கனம் என்று சொல்லவில்லை. இந்தப் பாட்டில் தாய் எதுவும் செய்யவும் இல்லை, பேசவும் இல்லை. அவள் பெயரில் ஒரு வினைமுற்றுக்கூடக் கிடையாது.

இப்போது மறைத்து வைத்த துறையைக் காட்டுங்கள். இரண்டு புறப்பாட்டுக்கும் தும்பைத் திணை, உவகைக் கலுழ்ச்சித் துறைதான் கொடுத்திருக்கிறார்கள். மகிழ்ச்சியில் அழுவது என்று அர்த்தம். 277க்கு அது கச்சிதம். 278இல் கண்ணீர் எங்கே? வரி வரியாகத் தேடச் சொல்லுங்கள். ஒரு துளிகூடக் கிடைக்காது. அப்படியானால் துறை வகுத்தவர் தவறிவிட்டாரா, அல்லது மகனின் துண்டான உடலைப் பார்க்கும் தாய் அழாமல் இருப்பாளா என்று அவர் நினைத்தாரா? என் வகுப்பில் ஒரு முறை இந்த ஒரு கேள்விக்கே இரண்டு பாடவேளை போனது. போகட்டும். திணையும் துறையும் மெய்ப்பாடும் (உடலில் வெளிப்படும் உணர்ச்சி) மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டிய பட்டியல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாட்டில் அழுகையும் உவகையும் தனித்தனி. இந்தப் பாட்டில் ஏன் இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன என்று அவர்களே கேட்கும்போது அந்தப் பட்டியல் கருவியாகிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. இந்த இடத்தில் யாராவது ஒரு பிள்ளை "யாரைப் பார்த்து யார் எழுதினார்?" என்று கேட்கும். நல்ல கேள்விதான், ஆனால் அது வேறு வேலை. அதற்குக் காலம், ஆதாரம் எல்லாம் பார்க்க வேண்டும். பள்ளி வகுப்பில் அதை ஊகத்தால் முடிவு கட்ட வேண்டாம். ஒப்பிடுவதற்கு ஒருவர் இன்னொருவரைப் படித்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. சங்கப் பாடல்களையும் கிரேக்க வீரகாவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இலங்கைத் தமிழறிஞர் கைலாசபதி 1968இல் ஒரு நூலே எழுதினார். இரண்டு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் படித்தவர்கள் என்றா? இல்லை, வாய்மொழியாகப் பாடியவர்களின் வீரயுகம் எப்படி இருந்தது என்று பார்ப்பதற்கு.

சரி, எழுதும் இடத்துக்கு வருவோம். கட்டுரை தொடங்கும் முன் ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அதில் "ஆனால்" கட்டாயம் இருக்க வேண்டும். "இரண்டிலும் தாய் மகிழ்கிறாள், ஆனால் ஒன்று குறள், மற்றது புறநானூறு" என்று முதலில் வரும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கோபப்படாமல். இரண்டாம் முறை "குறளின் தாய் மகனின் நல்ல பெயரைக் கேட்டு மகிழ்கிறாள், ஆனால் புறத்தின் தாய் மகன் செத்ததைப் பார்த்து மகிழ்கிறாள்" என்று வரும். இது பரவாயில்லை. மூன்றாம் முறைக்கு ஒரு பையன் எனக்கு எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி: "குறளில் ஊர் சொல்வது தாய்க்குப் போதும், ஆனால் புறத்தில் ஊர் சொல்வது பொய் என்று தாயே நிரூபிக்க வேண்டியிருக்கிறது." இந்த வாக்கியம் கிடைத்த பிறகு அவனுக்குக் கட்டுரை எழுதுவது கஷ்டமாக இல்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அந்த வாக்கியமே சொல்லிவிட்டது. கொக்கின் இறகு உவமையை அவன் தொடவே இல்லை. அழகான உவமைதான், அவன் பேச்சுக்கு அது தேவைப்படவில்லை.

வரிசையைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். முதல் பாட்டை முழுக்க எழுதிவிட்டு இரண்டாவதற்குப் போவதா, இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவதா? சின்னப் பாட்டுகளுக்கு மாற்றி மாற்றி எழுதுவது சரியாக வரும். கதைகளுக்கு அப்படி எழுதினால் வாசிப்பவருக்குத் தலை சுற்றும். முதல் கதையைப் பேசி முடித்து இரண்டாவதற்குப் போகலாம், ஆனால் இரண்டாவதைப் பேசும்போது பத்திக்கு ஒரு தடவையாவது முதல் கதையைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கதைகளில் வேறு ஒரு தொல்லை உண்டு. கதைச்சுருக்கம் எழுதியே பக்கத்தை நிரப்பிவிடுவார்கள். அதற்கு நான் கொடுக்கும் ஜோடி அகலிகை. கம்பரின் அகலிகைப் படலம் ஒரு பக்கம், புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' இன்னொரு பக்கம். கதை எல்லோருக்கும் தெரிந்ததால் சுருக்கம் எழுதச் சாக்கு இல்லை. கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது? கம்பரில் இராமன் பாதத் துகள் பட்டுக் கல் பெண்ணாகிறாள், "நெஞ்சினால் பிழைப்பு இலாள்" என்று முனிவர் சொல்ல, கௌதமன் அவளை ஏற்றுக்கொள்கிறான். கதை மிதிலைக்கு நகர்ந்துவிடுகிறது. அங்கே அது ஒரு முடிவு. புதுமைப்பித்தனுக்கு அதுதான் தொடக்கம். மன்னித்தாகிவிட்டது, சரி, மறுநாள் காலையில் இருவரும் எப்படி முகம் பார்த்துப் பேசுவார்கள் என்று கேட்கிறார். கடைசியில் சீதையே வந்து தான் தீக்குளித்ததைச் சொன்னதும் அவருடைய அகலிகை மறுபடி கல்லாகிறாள். இராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், தனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை என்கிற பொருளில் கதையின் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பும் போட்டிருப்பார். அந்தக் குறிப்பைக் கடைசியில் காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் பிள்ளைகள் கட்சி கட்டிவிடுவார்கள்.

கட்சி என்றதும் உங்கள் இரண்டாவது கேள்வி வந்துவிட்டது. "எது சிறந்தது?" என்று கேட்கும் பிள்ளையை அடக்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும். எது எதற்குச் சிறந்தது? மனத்தில் வைத்துக்கொண்டு பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டுமானால் குறள். ஒருத்தியின் ஒரு நாளை அவளோடு நடந்து பார்க்க வேண்டுமானால் புறம். எனக்கு 277தான் பிடிக்கும், அந்த மூங்கில் துளிக்காக. இதை வகுப்பிலும் சொல்லிவிடுவேன், ஆனால் மணி அடிக்கும்போதுதான். முன்னாலேயே சொன்னால் எல்லாக் கட்டுரையிலும் மூங்கில்தான் சொட்டும்.

மதிப்பெண் விஷயம். எனக்கு ஒரே சட்டம்தான்: "எந்த வரி?" ஒரு மாணவி, 278இன் தாய்க்கு வந்தது மகிழ்ச்சியே இல்லை, அவமானம் நீங்கிய நிம்மதி என்று எழுதினாள். எந்த வரி என்று கேட்டேன். "முலை அறுத்திடுவென்" என்று சபதம் செய்தவள், இனி அறுக்க வேண்டாம் என்பது மூச்சு விடுவதுதானே என்றாள். உரைகளில் நான் அப்படிப் படித்ததில்லை. முழு மதிப்பெண் போட்டேன். இன்னொருவன் "இந்தத் தாய்க்குப் பைத்தியம்" என்றான். எந்த வரி என்றேன். "எல்லா வரியும்" என்றான். அது பதில் இல்லை. ஆனால் அவன் கேட்க விரும்பியது நியாயமானது, பெற்ற பிள்ளை செத்ததில் ஒருத்தி மகிழ்வதை நாம் ஏன் புகழ வேண்டும் என்பதுதான் அவன் மனத்தில் இருந்தது. அதை அவனுக்கு ஒரு கேள்வியாக எழுதிக் கொடுத்து, அடுத்த கட்டுரையின் தலைப்பாக்கினேன். ஆளுக்கொரு பொருள் வருவதில் பயப்பட எதுவும் இல்லை. வரியில் காலூன்றி நிற்கிற பொருளா, காற்றில் தொங்குகிற பொருளா என்று மட்டும் பாருங்கள்.

ஜோடி தேர்ந்தெடுப்பது உங்கள் கையில். ரொம்ப ஒத்துப்போகும் இரண்டை எடுத்தால் பேச ஒன்றும் இருக்காது. ஒட்டே இல்லாத இரண்டை எடுத்தால் பழைய அட்டவணைதான் திரும்ப வரும். "நட்பு பற்றிய ஒரு குறளும் நட்பு பற்றிய ஒரு கதையும்" என்று தலைப்பை மட்டும் வைத்துச் சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒன்று இருக்க வேண்டும்.

முதல் வாரம் குறளும் 278உம் மட்டும் போதும், இரண்டாவது வாரம் 277. அதற்கப்புறம் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் 86ஆவது புறப்பாட்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள். காவற்பெண்டு பாடியது. உன் மகன் எங்கே என்று யாரோ தூணைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். எங்கே இருக்கிறானோ தெரியாது, புலி தங்கிப் போன கற்குகைபோல அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது, அவன் போர்க்களத்தில்தான் தென்படுவான் என்கிறாள் தாய். இதில் "ஈன்ற" இருக்கிறது, "உவகை" இல்லை. மகன் இன்னும் சாகவில்லை. முந்தைய மூன்று தாய்களையும் யாரோ வெளியிலிருந்து நமக்குச் சொன்னார்கள், இவள் தானே பேசுகிறாள். இவற்றில் எதை முதலில் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள், முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.